வெளிச்சம் பத்தல

எங்கள் தெருவில் டார்ச்லைட்டை யாரும் டார்ச்லைட் என்று சொல்லமாட்டார்கள். பேட்டரி என்பார்கள். அப்படியானால் அதற்குள்ளே போடுகிற பேட்டரிக்கு என்ன பெயர் என்று கேட்டால், அது கட்டை. ரெண்டு கட்டை பேட்டரி, மூணு கட்டை பேட்டரி. ஏரி மதகைத் திறந்துவிடுகிறவரிடம் மட்டும் ஐந்து கட்டை பேட்டரி இருந்தது. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் நடந்து வந்தால் பட்டாளத்துக்காரர் வருகிற மாதிரி தெரு நாய்கள் ஒதுங்கிக்கொள்ளும். என் அத்தைக்கும் ஒரு மூணு கட்டை பேட்டரிக்கும் ஒரு வருஷம் முழுக்க நடந்த மல்லுக்கட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதில் நான் யார் பக்கம் என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் அத்தை பக்கம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குச் சைக்கிளில் போய்வருகிற தூரத்தில் லைன் வீடு ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். நைனா இரும்பு உருக்கிக் கம்பி இழுக்கும் மில்லில் கிரேன் ஓட்டினார். ரோட்டில் போகிற கிரேன் இல்லை. மில்லின் கூரைக்குக் கீழே, தண்டவாளத்தில், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடுகிற கிரேன். இரும்பு ஏணியில் ஏறிப் போய் ஒரு கூண்டுக்குள் உட்காரவேண்டும். கீழே ஒருவர் நின்று கையால் சைகை காட்ட, மேலிருந்து நைனா பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தூக்கிக்கொண்டு போய் இறக்குவார். ஆயுதபூஜைக்கு ஒருமுறை எங்களை உள்ளே விட்டார்கள். அண்ணாந்து பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, உங்க அப்பா என்ன வேலை என்று யார் கேட்டாலும், "எங்க நைனா ஆகாசத்துல வேலை செய்யுது" என்பதுதான் என் பதில். டீச்சரிடமும் அதையே சொன்னேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

அத்தை நைனாவுக்கு நேர் இளையவள். டியூப்லைட்டுக்குச் சோக் செய்கிற கம்பெனி ஒன்றில் ஈயம் பற்றவைக்கிற வேலை. கம்பெனி வேன் எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும் என்பதால் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். நாளெல்லாம் சர்க்யூட் பலகை பலகையாகப் பற்றவைத்துவிட்டு வருகிறவள் வீட்டுக்கு வந்தாவது சும்மா இருக்கக்கூடாதா என்பது அம்மாவின் கேள்வி. அத்தையால் முடியாது. செத்துப்போன குண்டு பல்பு, ஊமையாகிவிட்ட ரேடியோ, எதையும் ஒரு திருகாணியாவது கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள். அவள் ஈயம் வைத்தால் குண்டுமணி போல உருண்டு, பளபளவென்று நிற்கும். அப்போது எழுகிற புகைக்குச் சாம்பிராணி வாசனை. எனக்கு இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாசனை வந்தால் அத்தை பக்கத்தில் எங்கோ இருக்கிற மாதிரி இருக்கும்.

அது கரண்டு ஒழுங்காக இல்லாத காலம். சாயங்காலம் ஆனால் போய்விடும். எதிர் வரிசைக் கடைசி வீட்டு பாய் பழவேற்காட்டுக்காரர். மொபெட்டில் துணி மூட்டை கட்டிக்கொண்டு பொன்னேரி, மீஞ்சூர் என்று ஊர் ஊராகப் போய் விற்பவர். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பார்த்துவிட்டு வருகிற நாட்களில், வண்டியை விட்டு இறங்குவதற்குள், "பொகை நமக்கு, கரண்டு ஊருக்கு" என்பார். பாய் பேசினால் தெருவே காது கொடுக்கும். வாயைத் திறந்தால் ஒரு வார்த்தையாவது மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். அவர் சொன்னதை எல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் என் சரக்காக விற்றிருக்கிறேன்.

மில்லுக்குப் போகிற வழி ஏரிக்கரை மேல். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கால்வாய், விளக்கு கிடையாது. நைனாவுக்கு மதிய ஷிப்டு வருகிற வாரமெல்லாம் இருட்டில்தான் திரும்பவேண்டும். சைக்கிள் ஹேண்டில்பாரில் பழைய டியூப் துண்டால் பேட்டரியைக் கட்டிக்கொண்டு வருவார். மூணு கட்டை போட்டாலும் குண்டு பல்பு மஞ்சளாக, தூக்கக் கலக்கத்தோடு எரியும். அப்போதுதான் வெள்ளை எல்இடி புதிதாக வந்திருந்தது. அத்தை ஒருநாள் அதில் சிலதை வாங்கி வந்து, குண்டு பல்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் வட்டமாக ஒரு பலகையில் பற்றவைத்து உள்ளே பொருத்தினாள். பொத்தானை அமுக்கியதும் பால் கொட்டின மாதிரி வெளிச்சம். அம்மாகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் நாஷ்டாவுக்கு உட்கார்ந்த நைனாவிடம் அத்தை கேட்டாள். அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்:

"நல்லாதான் கீது. ஆனா வெளிச்சம் பத்தல."

அத்தைக்கு அந்த ஒரு சொல் போதும். கம்பெனியில் அவள் கை பட்ட பலகை இதுவரை திரும்பி வந்தது கிடையாது.

அதற்கப்புறம் எங்கள் வீடு ஒரு சோதனைக்கூடமாக ஆனது. கெட்டுப்போன விளக்குகளைப் பிரித்து, உள்ளே இருந்த சின்ன வளையத்தை எடுத்து, மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி ஒரு சுருள் செய்தாள். அதோடு ஒரு டிரான்சிஸ்டர். கட்டை தேயத் தேய வெளிச்சமும் தேயக்கூடாது, கட்டை உயிரை விடுகிற வரைக்கும் ஒரே மாதிரி எரியவேண்டும் என்பது அவள் கணக்கு. முதல் சுருள் புகைந்தது. அடுத்தது விளக்கை எரியவிடாமல் ஙொய் என்று பாடியது. அதற்கும் அடுத்தது எரிந்தது, ஆனால் பேட்டரியைக் கையில் பிடிக்கமுடியாமல் சுட்டது. அடியில் ஒரு அலுமினியத் தகட்டை வைத்துச் சூட்டை இறக்கினாள். பொட்டு அளவுக்கு ஒற்றை எல்இடி, பெரிய சக்தி உள்ளது, சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிறது என்று யாரோ சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய் அதையும் வாங்கி வந்தாள்.

வெளிச்சத்தை எப்படி அளப்பது? இங்கேதான் நான் வருகிறேன். கண் பொய் சொல்லும், நேற்றைக்குப் பார்த்தது இன்றைக்கு ஞாபகம் இருக்காது என்று அத்தை சொன்னாள். என்னிடம் வெயிலில் வேலை செய்கிற சின்ன கால்குலேட்டர் ஒன்று இருந்தது. துணி வாங்கின இடத்தில் கொடுத்தார்கள் என்று பாய் எனக்குத் தந்தது. அதற்குக் கட்டை கிடையாது. மேலே உள்ள கறுப்புப் பட்டையில் வெளிச்சம் விழுந்தால் எண் தெரியும், விழாவிட்டால் மறைந்துவிடும். அத்தை அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது, திருகாணியைக் கழற்றிவிடுவாளோ என்று. அவள் கழற்றவில்லை. அதுவே எங்கள் அளவுகோல் ஆனது.

லைன் வீடுகளுக்கு நடுவே நீளமாக ஒரு சந்து. மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டிருந்ததால் பொழுது இருக்கும்போதே அங்கே இருட்டிவிடும். கரண்டு போனதும் அத்தை எங்கள் வாசற்படியில் பேட்டரியை வைத்து எரியவிடுவாள். நான் கால்குலேட்டரில் எட்டு எட்டாக அமுக்கி நிரப்புவேன். எட்டுக்குத்தான் எல்லாக் கோடும் வேண்டும், ஒரு கோடு மங்கினாலும் தெரிந்துவிடும். கால்குலேட்டரை வெளிச்சத்துக்குக் காட்டிக்கொண்டே பின்னால் பின்னால் நடப்பேன். எட்டுகள் வெளிறி, மெல்ல மெல்லக் காணாமல் போகிற இடத்தில் "போச்சு" என்று கத்துவேன். அத்தை வந்து என் குதிகாலுக்குப் பின்னால் சாக்பீஸில் ஒரு கோடு போடுவாள். அந்தக் கோடுதான் அன்றைய பேட்டரியின் மதிப்பு. சந்தைக் கூட்டிப் பெருக்குகிற முறை வருகிற அன்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "ஊட்டத்தான் கம்பெனி ஆக்கிட்டீங்க, சந்தையாவது உடக்கூடாதா?"

கோடு ஒவ்வொரு வாரமும் நகர்ந்தது. பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டியது. குழாயடியைத் தாண்டியது. கடைசிக் கோடு பாய் வீட்டுக்கு எதிரே போய் நின்றபோது, தற்செயலாகக் கதவைத் திறந்த பாய் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா தங்கச்சி, சூரியன புட்ச்சி டப்பால போட்டுக்கினியா? எனுக்கு ஒண்ணு குடு, எருக்கஞ்செடிக்குப் பின்னால ஒளியிற கடன்காரனெல்லாம் தெரிவான்."

அத்தை அவருக்கும் ஒன்று செய்து கொடுத்தாள். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்தாள். எல்லாரும் கண் கூசுகிறது என்றார்கள், அதைப் பெருமையாகச் சொன்னார்கள். மதகுக்காரர் தன் ஐந்து கட்டையை நைனாவின் மூணு கட்டைக்கு எதிரில் அடித்துப் பார்த்துவிட்டு, தோளில் சாய்த்துக்கொண்டு போய்விட்டார்.

நைனா மட்டும் சொன்னார்: "வெளிச்சம் பத்தல."

எனக்கு ஆத்திரமாக வரும். கால்குலேட்டர் சொல்கிறது, கோடு சொல்கிறது, பாய் சொல்கிறார். நைனாவுக்கு மட்டும் எப்படிப் பத்தாமல் போகும்? அத்தையைச் சீண்டுவதற்குத்தான் சொல்கிறார் என்று நான் முடிவு செய்துவிட்டேன். சின்ன வயதில் அத்தை போட்ட கோலத்தை எல்லாம் குறை சொல்லி அழவைப்பார் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

அந்த வருஷம் மழை முடிந்த சமயம். மதிய ஷிப்டு முடிந்து வந்த நைனா இடுப்பு வரைக்கும் சேறாக வந்து நின்றார். ஏரிக்கரை வளைவில் ஓரமாகப் படுத்திருந்த மாட்டின் மேல் சைக்கிளை ஏற்றி, கால்வாய்க்குள் விழுந்திருக்கிறார். முழங்கால் தோல் உரிந்து தொங்கியது. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பேட்டரியைத்தான் திட்டினார்.

மறுநாள் விடியும் முன்பே சேதி தெரு முழுக்கப் போய்விட்டது. பாய் சாயங்காலம், கரண்டு போவதற்கு முன்பே, பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு பார்க்க வந்தார். நைனா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா டீ கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில், தரையில் வைத்தாள். பாய் ஆரம்பித்தார்.

"மாடு இண்டிகேட்டர் போடலியா அண்ணே?"

நைனா சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் டீ டம்ளருக்காகக் கையைப் பக்கத்தில் துழாவினார். கை டம்ளரைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது. பிறகு தலையை நன்றாகத் திருப்பி, நேராகக் குனிந்து பார்த்து எடுத்தார். பாய்க்கு அடுத்தது கிடைத்துவிட்டது.

"பார்றா, கோழி தவுடு பாக்கற மாரியே பாக்குது எங்கண்ணன். போன வாரம் கொழாயடில அப்டிதான், நான் பக்கத்துலயே நின்னுக்கினு கீறேன், என்ன உட்டுட்டு எங்கியோ பாத்து பாய் வந்தாரான்னு கேக்குது."

அம்மா சிரித்துக்கொண்டே, வாசல் குடத்தையும் தினம் அப்படித்தான் உதைத்துக்கொண்டு வருகிறார், பேஜாரு, இத்தனைக்கும் குடம் எத்தனையோ வருஷமாக அதே இடத்தில்தான் இருக்கிறது என்றாள். நைனாவும் சேர்ந்து சிரித்தார். மூலையில் ஈயம் உருக்குகிற ஈயக்கோலோடு உட்கார்ந்திருந்த அத்தை மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோல் நுனியில் இருந்த ஈயம் உருகிப் பாவாடையில் சொட்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் கத்தினேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை நைனாவின் பேட்டரியைப் பிரித்தாள். என்ன செய்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பேட்டரியின் வாய்க்குள் கிண்ணம் போல ஒரு கண்ணாடி இருக்குமே, வெளிச்சத்தை எல்லாம் திரட்டி எதிரே தள்ளுவது, எங்கள் கோடுகளைப் பாய் வீடு வரைக்கும் கொண்டு போனது, அதைப் பிடுங்கி எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள். அந்த இடத்தில் எல்இடியைத் தூக்கி வெளியே தெரிகிற மாதிரி வைத்து, முன்பக்கக் கண்ணாடியை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தாள். தெளிந்த கண்ணாடி மோர் மாதிரி ஆகிவிட்டது.

"அத்த, கெடுக்கறியே அத்த" என்றேன்.

"கம்முனு இரு பாப்பா."

சாயங்காலம் கரண்டு போனது. வாசற்படியில் வைத்து எரியவிட்டாள். நான் வழக்கம் போல எட்டுகளை நிரப்பிக்கொண்டு பின்னால் நடக்க ஆரம்பித்தேன். சில அடிகூடப் போகவில்லை, எட்டுகள் வெளிறிவிட்டன. எங்கள் வாசலிலேயே "போச்சு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதன்முதலில் செய்த பேட்டரிகூட இதைவிடத் தூரம் போயிருந்தது. அத்தை சாக்பீஸை எடுக்கவே இல்லை. நைனாவைக் கூப்பிட்டாள்.

நைனா நொண்டிக்கொண்டே வந்து படியில் நின்றார். பேட்டரியைக் கையில் எடுத்துச் சந்தைப் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். வெளிச்சம் தூரம் போகவில்லைதான், ஆனால் தரை, இரண்டு பக்கத்துச் சுவர், கூரை என்று எல்லாவற்றிலும் மெழுகினது போலப் பரவியிருந்தது. நைனா பேச ஆரம்பித்தார். சின்னப் பிள்ளை ரயில் ஜன்னலில் பார்த்துச் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"தொடப்பம் கீது. அந்தாண்ட பாப்பா செருப்பு. இந்தாண்ட... அட, கொடம். கொடம் இங்கியா கீது?"

அப்புறம் அத்தையின் பக்கம் திரும்பினார். "இதாம்மா வெளிச்சம்."

ஒரு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அதைப் போய் இந்தப் பேட்டரிக்குச் சொல்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. கால்குலேட்டரைக் காட்டி வாதாடப் போனேன். அத்தை என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

"அண்ணா" என்றாள். "மேல ஒக்காந்துகினு ஓட்றப்ப, கீழ நிக்கிற ஆளு தெரியறானா?"

நைனா பேட்டரியை அணைத்தார். இருட்டில் யார் வீட்டிலோ விசிறி மட்டை ஆடுகிற சத்தம் கேட்டது.

"நடுவுல நின்னா தெரியறான்" என்றார்.

பழைய கிண்ணக் கண்ணாடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். அதில் நடுவில் மட்டும்தானே வெளிச்சம் விழும், நைனா சரியாகத்தான் சொல்கிறார் என்று தோன்றியது. அவர்கள் உள்ளே போனதும் சாக்பீஸை எடுத்து நானே கோடு போட்டேன். எங்கள் படியிலிருந்து ஒரு கோரைப்பாய் விரிக்கிற தூரம்கூட இல்லை. யாரும் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று காலால் பாதி அழித்தும் விட்டேன்.

அந்த வாரமே நைனா கிரேனிலிருந்து இறங்கிவிட்டார். அவரே போய்க் கேட்டு இறங்கினார் என்று அம்மா யாரிடமோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். இனிமேல் மில் வாசலில், கேட்டுக்குப் பக்கத்து அறையில், பகலில் மட்டும் வேலை. மாமா, சித்தப்பா என்று ஆட்கள் வந்தார்கள், போனார்கள், சென்னையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு எந்த ரயிலில் போகலாம் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. இனிமேல் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது என்பதுதான் என் கவலை. ஆகாசத்தில் வேலை செய்கிறவர் தரைக்கு வந்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது?

அத்தையிடம் போனேன். அவள் ஈயக்கோலைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

"பேட்டரிதான் நல்லா ஆயிடுச்சே அத்த. அப்புறம் ஏன் நைனா கிரேன்ல ஏற மாட்டேங்குது?"

அவள் சுரண்டுவதை நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"பேட்டரில எப்பவும் கொற இருந்தது இல்லடி. மொதல்ல செஞ்சதுலேந்தே இல்ல."

என் காதில் அது வெற்றி முரசாக விழுந்தது. ஒரு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தானே. கால்குலேட்டர் சொன்னது சரி, சாக்பீஸ் கோடு சரி, அத்தை ஜெயித்துவிட்டாள், நைனா சும்மாதான் குறை சொல்லியிருக்கிறார், அதை அத்தை வாயாலேயே சொல்லியாயிற்று. இந்தச் செய்தியை முதலில் யாரிடம் சொல்வது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. சந்தின் கோடிக்கு ஓடினேன்.

பாய் மொபெட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். "பாய், பேட்டரில கொறயே இல்லியாம். எப்பவுமே இல்லியாம். அத்தையே சொல்லிச்சு."

எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிற மனிதர். கோழியையும் மாட்டையும் இழுத்துப் பேசுகிறவர். இந்த முறை கயிற்றைப் பிடித்தபடி எங்கள் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே நைனா படியில் உட்கார்ந்து குடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து உள்பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். பாய் கட்டின கயிற்றை அவிழ்த்து மறுபடியும் முதலிலிருந்து கட்டினார். இவ்வளவு பெரிய செய்தி கொண்டுவந்திருக்கிறேன், இந்த ஆள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாரே என்று எனக்குக் கோபமாக வந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கால்குலேட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.